மூன்றாம் குரலின் முதல் அல்பம்

ஆக்லாந்தின் பென்ரோஸ் பகுதியில் நான் வேலை செய்யும் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்களில் ஒருவர் அமெரிக்காவின் தென் மாநிலம் ஒன்றில் பிறந்தவர். ஆறடிக்கு மேல் உயரம், நரைக்கத் தொடங்கிய தாடி, அவசரமே இல்லாத பேச்சு. நியூசிலாந்துத் தாதி ஒருவரைக் கல்யாணம் செய்து இங்கே வந்தவர். அவர் இறக்கி வைக்கும் பாலெட் பலகைகளிலிருந்து குளியலறைக் குழாய்களை எடுத்து, ஸ்கேன் செய்து, பெட்டியில் அடுக்குவது என் வேலை. இரண்டு வருடமாக ஒரே கூரையின் கீழ் நின்றும், காலையில் ஒரு தலையசைப்புக்கு மேல் எங்களுக்குள் எதுவும் இருந்ததில்லை.

ஒருநாள் ஸ்கேனர் பழுதாகிவிட்டது. அது சரியாகும்வரை சும்மா நின்ற நான், வெறும் பெட்டியொன்றின் மேல் விரல்களால் தட்டிக்கொண்டிருந்தேன். ஞாயிறன்று சபையில் வாசிக்க வேண்டிய பாட்டு. அவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"அது பேஸ் கிட்டார்காரியின் விரல். எங்கே வாசிக்கிறாய்?" என்று கேட்டார். ஆங்கிலத்தில்தான் கேட்டார், அவர் சொன்னவற்றை எல்லாம் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"சேர்ச்சில். பதினெட்டு வருடமாக."

"நான் சேர்ச்சில்தான் பாடவே பழகினேன்," என்றார். "இப்போது ராப் பாடுகிறேன். எனக்கு ஒரு பேஸ் வேண்டும். கம்ப்யூட்டரில் செய்தது வேண்டாம், மனிதக் கை வேண்டும்."

மத்தியானச் சாப்பாட்டின்போது தன் கதையைச் சொன்னார். இருபது வயதில் நண்பர்கள் இருவருடன் சேர்ந்து ஒரு குழு நடத்தியிருக்கிறார். தங்கள் நகரத்தில் ஓரளவு பெயர் எடுத்த குழு. ஒவ்வொரு பாட்டிலும் முதல் பகுதி ஒருவருக்கு, இரண்டாவது பகுதி மற்றவருக்கு, மூன்றாவது இவருக்கு. வானொலியில் போடும்போது பாட்டு நீளம் என்று மூன்றாவது பகுதியை வெட்டிவிடுவார்களாம்.

"என் அம்மா என் குரலை ரேடியோவில் கேட்டதே இல்லை. கேட்காமலே செத்துப்போனார்," என்றார். கோபமில்லாமல் சொன்னார். குழு கலைந்து நெடுங்காலம். இப்போது நாற்பத்தேழு வயதில் தன்னுடைய முதல் தனி அல்பத்தைச் செய்யத் தொடங்கியிருந்தார், ரானுயியில் தன் வீட்டுக் கராஜில். "பத்துப் பாட்டு. பத்திலும் முதல் சொல் என்னுடையது."

எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த ஒரு வசனத்தால்தான்.

சனிக்கிழமை எங்கள் வீடு இருக்கும் மவுண்ட் வெல்லிங்டனிலிருந்து ரானுயிக்கு என்னை ஏற்றிக்கொண்டு போனவர் என் கணவர். அவர் எலெக்ட்ரீஷியன். மோட்டர்வேயில் ஏறியதும் கேட்டார்.

"இஞ்சேர், அது என்ன மாதிரிப் பாட்டு?"

"ராப். ஆனா ஃபங்க் மாதிரி."

"அப்பிடியெண்டா?"

"எனக்கும் வடிவாத் தெரியாது. போய்க் கேட்டாத்தான் தெரியும்."

"நீர் உள்ளை போம். நான் காருக்குள்ளை இருக்கிறன்."

கராஜின் சுவர்களில் பழைய மெத்தைகளைச் சாய்த்து வைத்திருந்தார். டொங்கா தீவுக்காரரின் சேர்ச் ஒன்றின் பேண்டில் டிராம்போன் வாசிக்கும் இருவரை அழைத்து ஊதல்களை ஏற்கெனவே பதிவு செய்திருந்தார். அதைப் போட்டுக் காட்டினார். டிரம்ஸ் நிதானமாக நடந்தது. மேலே ஓர்கன், எனக்கு நன்கு பழகிய சேர்ச் ஓர்கன்தான், ஆனால் இடுப்பை அசைக்க வைக்கிற ஓர்கன். கிட்டார் சின்னச் சின்னதாய்க் கொறித்தது. இரண்டு டிராம்போனும் சேர்ந்து சிரிக்கிற மாதிரி ஒரு ஊதல். பேஸ் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. அந்த வெறுமையைக் கேட்டதுமே என் விரல்கள் ஓடத் தொடங்கின.

நான் வாசித்தேன். பத்து நிமிடம் வாசித்திருப்பேன். எங்கே இடைவெளி தெரிந்ததோ அங்கே எல்லாம் ஒரு சுரம் வைத்தேன். சபையில் அப்படித்தான், யாராவது வரியைத் தவற விட்டால் பேஸ்தான் தூக்கிப் பிடிக்க வேண்டும்.

அவர் ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்தார். "நன்றாக வாசிக்கிறாய். ஆனால் நான் மூச்சு விடுகிற இடத்திலெல்லாம் நீ வந்து நிற்கிறாய்."

என் முகம் சூடாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் கதவைத் தட்டிக்கொண்டு என் கணவர் உள்ளே வந்தார். பதிவைக் காருக்குள் இருந்தே கேட்டிருக்கிறார். "உங்கடை ஸ்பீக்கருக்குள்ளை ஒரு இரைச்சல் வருது. அது எர்த் வயர் பிழை," என்று என்னிடம் சொல்லி, அதையே ஆங்கிலத்தில் அவரிடமும் சொன்னார். அவர்கள் இருவரும் வயர்களுக்குள் குனிந்துவிட, நான் கிட்டாரைப் பைக்குள் வைத்தேன். அழவில்லை. அழுகிற தூரத்தில்தான் இருந்தேன்.

புறப்படும்போது கேட்டேன்: "எனக்கு ஒரு மாதம் தருவீர்களா?"

"ஒரு மாதம் தருகிறேன்," என்றார்.

அந்த மாதம் முழுவதும் வேலை முடிந்து வந்து, சோறு வேகிற நேரத்தில் குசினி மேசையில் இருந்து வாசித்தேன். அவர் அனுப்பிய டிரம்ஸை ஃபோனில் போட்டு, நாலே நாலு சுரம். முதல் அடியில் ஒன்று. பிறகு ஒன்றும் இல்லை. பிறகு கொஞ்சம் பிந்தி மூன்று. அந்தப் 'பிந்தி' எனக்குப் பிடிபடவே இல்லை. சற்று முந்தினால் பாட்டு ஓடியது, அதிகம் பிந்தினால் விழுந்தது. நாலாவது நாள் வாசிக்காமல், கிடங்கில் வெறுமனே அவருடைய பேச்சை மட்டும் கேட்டேன். வசனத்தின் கடைசிச் சொல்லை அவர் எப்போதும் கொஞ்சம் இழுத்து, ஆறுதலாகக் கீழே வைப்பார். ஃபோர்க்லிஃப்டில் பாலெட்டை இறக்குவதும் அப்படித்தான். அதன் பிறகு அவர் பாலெட் இறக்கும்போதெல்லாம் நின்று பார்த்தேன். சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, உடம்புக்கு ஏதாவது சரியில்லையா என்று விசாரித்தார்.

மாத முடிவில் போய் வாசித்தேன். அவர் பதிவுப் பொத்தானை அழுத்தினார். அதுதான் பதில்.

மூன்று பாட்டு முடிந்த நிலையில் கிடங்கில் சனிக்கிழமையும் வேலை என்று அட்டவணையை மாற்றினார்கள். எங்களுக்கு மிஞ்சியது ஞாயிறு பின்னேரம். அது சபையில் பாட்டுப் பயிற்சி நேரம். பாட்டுக் குழுவை நடத்தும் அக்கா, நான் இரண்டு கிழமை தொடர்ந்து வராததைக் கவனித்துக் கேட்டார்.

"ஞாயிறு பின்னேரத்திலை அப்பிடி எங்கை போறீர்?"

ஒளிக்க எனக்கு விருப்பமில்லை. சொன்னேன். அவர் பாஸ்டரிடம் சொன்னார். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் என்னை அழைத்தார். நல்ல மனிதர், என் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர்.

"சிஸ்டர், அந்தப் பாட்டுகளிலை தூஷணம் இருக்கோ?"

"ஓம் பாஸ்டர். ரெண்டு பாட்டிலை இருக்கு."

"அந்த ரெண்டையும் விட்டிட்டு மற்றதை வாசிக்கலாம்தானே?"

"அதிலை ஒண்டு அவற்றை அம்மா செத்ததைப் பற்றி. கடவுளோடை கோவிச்சுக்கொண்டு கதைக்கிறார். அதை விட ஏலாது, பாஸ்டர்."

அவர் கையிலிருந்த வேதாகமத்தை மூடினார். "அப்ப அந்த வேலை முடியும்வரைக்கும் இஞ்சை வாசிக்க வேண்டாம். முடிஞ்ச பிறகு கதைப்பம்."

"சரி, பாஸ்டர்."

பதினெட்டு வருடத்தில் முதன்முறையாக மற்றவர்களோடு கதிரையில் இருந்து பாடினேன். பேஸ் இல்லாமல் பாட்டு மெலிந்து கேட்டது. இரண்டாவது வாரம் அது தாங்க முடியாமல் வெளியே வந்து வாகனத் தரிப்பிடத்தில் நின்றேன். கணவர் பின்னால் வந்தார்.

"விடப்போறீரோ?"

"எதை?"

"ரெண்டிலை ஒண்டை."

"ஒண்டையும் விடமாட்டன். இதையும் முடிப்பன், அங்கையும் திரும்பி வாசிப்பன்," என்றேன். சொன்ன பிறகுதான் அது முடிவாகிவிட்டதென்று எனக்கே தெரிந்தது.

அம்மாவைப் பற்றிய பாட்டைக் கடைசியாகப் பதிவு செய்தோம். அதில் முதல் எட்டு வரிக்குப் பேஸே வேண்டாம் என்று அவரிடம் நான்தான் சொன்னேன். ஓர்கனும் குரலும் மட்டும் போகட்டும். அவர் ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்தார். எட்டு வரியும் கையைக் கம்பிகளின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்பதாவது வரியில் அவர் கடவுளை ஏசத் தொடங்கியபோது பேஸோடு உள்ளே வந்தேன். ஒரே தடவையில் பதிவு முடிந்தது. அவர் கதிரையைத் திருப்பி, எனக்கும், வயர்களைக் கவனித்துக்கொண்டிருந்த என் கணவருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். நாங்கள் இருவரும் வெளியே போய் நின்றோம்.

அல்பம் வெளிவந்த வெள்ளிக்கிழமை கிடங்கின் சாப்பாட்டு அறையில் அதைப் போட்டார்கள். பார்சல் கட்டுகிற பெண்கள் மூன்றாவது பாட்டுக்கு எழுந்து ஆடினார்கள். பேஸ் நான்தான் என்று அவர் சொன்னபோது யாரும் நம்பவில்லை.

ஹென்டர்சனில் ஒரு சிறிய மண்டபத்தில் அவர் அந்தப் பாட்டுகளை மேடையில் பாடினார். நான் சல்வாருக்கு மேல் கருப்பு ஜாக்கெட் போட்டுக்கொண்டு போனேன். ஒலி அமைப்பைக் கவனித்தவர் என்னைக் கண்டதும், பார்வையாளர் வாசல் மற்றப் பக்கம் என்றார். கிட்டார் பையைத் தூக்கிக் காட்டினேன். மன்னிப்புக் கேட்டார். ஆனால் சோதனைக்கு வாசிக்கும்போது பேஸ் எங்கேயோ கிணற்றுக்குள் கேட்டது. மேடையிலிருந்து இறங்கி அவரிடம் நடந்து போனேன்.

"பேஸைக் கூட்டுங்கள்."

"இது போதும்."

"போதாது. இந்த அல்பம் பேஸின் மேல்தான் நிற்கிறது. கூட்டுங்கள், நான் இங்கேயே நிற்கிறேன்."

கூட்டினார். முன்வரிசையில் கணவர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அன்றிரவு முதலாவது பாட்டின் முதல் சுரம் மண்டபத்தின் தரையில் இறங்கி என் கால் வழியாகத் திரும்பி வந்தது.

இரண்டு மாதம் கழித்துப் பாஸ்டர் கதைத்தார். அல்பத்தை முழுதாகக் கேட்டாராம். ஒரு பாட்டைப் பிடிக்கவில்லை என்றார், எது என்று சொல்லவில்லை. இப்போது ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு சபையில் வாசிக்கிறேன். அக்கா இன்னும் என்னோடு முன்போல் கதைப்பதில்லை. நானாகவே போய்க் கதைக்கிறேன், ஒருநாள் சரியாகும்.

தலைநகர் வெல்லிங்டனில் பாட ராப் பாடகருக்கு அழைப்பு வந்தபோது எனக்கு லீவு கிடைக்கவில்லை. வேறொருவர் போய் என் பகுதிகளை வாசித்தார். நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் அந்தப் புதியவர் எனக்கு ஃபோன் எடுத்து, இரண்டாவது பாட்டில் அந்தப் பிந்துகிற இடம் எப்படி என்று கேட்டார். சொல்லிக் கொடுத்தேன். ஃபோனை வைத்ததும் நேராக சூப்பர்வைசரிடம் போய், அடுத்த முறை நானே வாசிக்கவேண்டும் என்று கோடைகால லீவுக்கான படிவத்தை அன்றே நிரப்பிக் கையில் கொடுத்தேன்.