கடலேரியில் ஓடிய பலகை

இப்போது அதற்கு வேக்போர்டிங் என்று பெயர் சொல்கிறார்கள். எங்கள் கடற்கரை ஊரான பாசையூரில் கனிசியஸ் அண்ணை அதைச் செய்து காட்டியபோது ஊர் வைத்த பெயர் விசர், பைத்தியம். நான் அவனுடைய தங்கை சுகிர்தம். எனக்கும் பாதி விசர் என்றார்கள்.

அண்ணை வலைத்தொழிலை விட்டுத் தெற்கே ஒரு ஹோட்டலில் படகு ஓட்டப் போனவன். படகுக்குப் பின்னால் கயிறு கட்டி, சறுக்குப் பலகையில் நிற்கும் வெள்ளைக்காரர்களை இழுக்கிற வேலை. அன்றிலிருந்து எங்கள் தகப்பன் செபமாலை அப்பு அவனோடு கதைக்கவில்லை. எண்பத்து மூன்று கலவரத்தில் அவன் தெற்கிலிருந்து தப்பி, உடுத்த சாரத்தோடு கப்பலில் வந்து இறங்கியபோதும் கதைக்கவில்லை. சோற்றுக் கோப்பையைக்கூட என்னிடம் தந்து, "உவனிட்டைக் குடு" என்பார். அப்படி ஒரு பிடிவாதம் பிடித்த மனிதர்.

"அப்பு ஒருக்கா வாய் திறந்தாப் போதுமடி," என்பான் அண்ணை. அதற்காகத்தான் பலகை செய்தான். வீட்டு வளவின் பின்னால் அப்புவின் பழைய வள்ளம் உடைந்து, தார் அப்பிய பலகைகளாகக் கிடந்தது. முனை மேலே வளைந்த ஒன்றை எடுத்தான். வளைவு இல்லாவிட்டால் முனை தண்ணீருக்குள் குத்திவிடுமாம். சைக்கிள் ரியூப்பை வெட்டிக் கால் பட்டி அடித்தான். தன்னுடைய வள்ளம் திரும்ப ஓடுவதைப் பார்த்தால் அப்புவின் மனம் இளகும் என்று நம்பினான், பாவி.

அரியாலைச் செல்வத்துரை கடலேரியில் தன் எஞ்சின் படகை ஓட்டுவார். நான் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, அண்ணை விழுந்தால் கத்த வேண்டும். அவன் தண்ணீரில் முழங்காலை நெஞ்சோடு மடக்கி இருப்பான். "கையாலை இழுக்கப்படாது, படகுதான் எழுப்பும்," என்பான். எழும்பியதும் பக்கவாட்டாக, இடக்கால் முன்னே. குதிக்காலை அழுத்தினால் ஒரு பக்கம் வெட்டும், விரலை அழுத்தினால் மறுபக்கம். படகின் பின்னால் இரண்டு அலை விரியும். அலைக்கு வெளியே போய், வேகமாக உள்ளே வெட்டி, அலையின் உச்சியில் காலை நிமிர்த்தினால் பலகை எழும்பும். பிறகு வலக்காலை முன்னே வைத்து ஓடப் பழகினான். கடைசியில், எழும்பும்போது விளிம்பைக் கையால் பிடித்து, பலகையின் அடியைக் கரைக்குக் காட்டப் பழகினான். எத்தனை தரம் விழுந்தான்! சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது.

எண்பத்து நாலாம் ஆண்டு அந்தோனியார் பெருநாள். வள்ளப் போட்டி முடிந்து சனம் கரையில் நின்றது. அப்புவும் நின்றார். அண்ணை அலையில் ஏறி எழும்பி, பலகையின் அடியைக் கரைக்குக் காட்டினான். சனம் கை தட்டியது. தட்டிய கைகள் அப்படியே நின்றன.

மாதக் கணக்காகத் தண்ணீரில் உரசித் தார் தேய்ந்துபோயிருந்தது. உள்ளே வெள்ளைச் சிலுவை. வள்ளம் செய்ததும் சுவாமியார் மந்திரித்து, முன்முனையில் வரும் அணியப் பலகையில் அதைப் போடுவது எங்கள் வழக்கம். அந்தப் பலகையில் கால் படக்கூடாது என்று நாங்கள் பின்பக்கத்தால்தான் ஏறுவோம். அணியப் பலகைதான் வளைந்திருக்கும் என்பது பாசையூரில் பிறந்தவனுக்குத் தெரியாதா? தெரியும். அப்புவின் முகத்தை நினைத்துக்கொண்டு வேலை செய்தவனுக்குப் பலகை கண்ணில் படவில்லை.

அப்பு ஏசவில்லை. ஏசியிருந்தால் அண்ணை பிழைத்திருப்பான். தோளில் கிடந்த துவாயை உதறிப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். அண்ணை பலகையைக் கழுவி, சிலுவை மேலே தெரியச் சுவரில் சாத்தினான். பிறகு அதில் ஏறவே இல்லை.

தொண்ணூற்றில் போர் மூண்டு எரிபொருளும் கடலும் தடையாயின. தொண்ணூற்று மூன்றில் கடற்படை சுடும் கிளாலிக் கடலில் சனத்தைப் படகில் அக்கரைக்கு ஏற்றிப் போன அண்ணை திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அவனுக்கான பூசைக்கு அப்பு வந்தார், வாய் திறக்கவில்லை. அன்று எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

தொண்ணூற்றைந்தில் இராணுவம் நெருங்க, ஊரே வெளிக்கிட்டது. நடக்க முடியாத அப்புவைத் தள்ளுவண்டியில் ஏற்றினேன்.

"உந்தப் பலகையையும் ஏத்து," என்றார்.

நாவற்குழிப் பக்கம் சனம் நெருங்கி, வண்டி நகராமல் நின்றது. மழை. மடியில் கிடந்த பலகையின் ரியூப் பட்டிகளை அப்பு தடவிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, அவன் எந்தக் காலை முன்னுக்கு வைக்கிறவன்?"

"இடக்கால், அப்பு."

"நானும் வலை எறியேக்கை இடக்கால்தான்."

எனக்கு வந்த கோபத்தில் வண்டியின் கைபிடியை விட்டுவிட்டேன். "இதை அவனிட்டைக் கேட்டிருக்கலாமே அப்பு! ஒருக்காக் கேட்டிருக்கலாமே!"

"ஓம்," என்றார் அப்பு. "கேட்டிருக்கலாம்."

முன்னால் நின்ற சனம் நகர்ந்தது. நான் வண்டியைத் தள்ளினேன்.