வரிசையில் நின்று போனை வைத்துவிட்டவர்களை எண்ணியவர்

காலை அறிக்கையைத் திறந்துகொண்டிருந்தபோது அலுவலக வட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: "ஃபரீனா ராத்தா மவுத்தாகிட்டாங்க. அசருக்குப் பொறகு கற்பிட்டியில ஜனாஸா." எங்கள் எல்லாருக்கும் அக்காவாக இருந்த ராத்தா இறந்துவிட்டார்; மாலைத் தொழுகைக்குப் பிறகு அடக்கம். சிறுநீரக நோயோடு விடுப்பில் இருந்தவர். திரும்பி வருவார் என்றே நம்பியிருந்தோம்.

புத்தளத்தில், மருத்துவப் பரிசோதனை முடிவுகளைத் தொலைபேசியில் சொல்லும் எங்கள் நிலையத்தில் வேலை செய்த உங்களுக்கு அவருடைய குரல் தெரியும். உற்சாகம் வந்தால் நான்கு மேசை தாண்டிக் கேட்கும். அந்தக் குரல் உச்சிக்குப் போன ஒரு கிழமையைச் சொல்கிறேன்.

தமிழில் அழைப்பவர்களுக்கான இணைப்பை மூடிவிடலாம் என்று தலைமையகத்தில் பேச்சு எழுந்திருந்தது. அதற்குக் காரணம், அணித்தலைவியான நான் எழுதிய அறிக்கை. தமிழில் பதில் சொன்ன அழைப்புகள் மாதாமாதம் குறைந்தன. சராசரிக் காத்திருப்பு நேரமோ மிகக் குறைவு. தேவை குறைந்துவிட்டது என்று எழுதிவிட்டேன். அந்த இணைப்பில் இருந்த நான்கு பெண்களின் வேலை போகவிருந்தது.

ராத்தா அதை வாசித்துவிட்டுக் கதிரையை என் பக்கம் உருட்டி வந்தார்.

"மாலா, இந்தச் சராசரி ஆர்ட?"

"எங்களோட பேசின ஆக்கள்ட."

"அப்ப, காத்துக் காத்து வெச்சிட்டுப் போனவங்க எங்க?"

அவர்கள் கணினியில் வேறொரு பக்கத்தில் இருந்தார்கள். 'கைவிடப்பட்ட அழைப்புகள்' என்ற அந்தப் பக்கத்தை நான் திறந்ததே இல்லை. திறந்தோம். பட்டியல் முடியாமல் கீழே ஓடியது. காலை வேளைகளில் எங்களில் இரண்டு பேரைச் சிங்கள இணைப்புக்கு மாற்றியிருந்தார்கள். அந்த நேரத்தில் அழைத்தவர்கள் வரிசையிலேயே களைத்துப்போனார்கள். பிற்பகலில் அழைத்தவர்களுக்கு உடனே பதில் கிடைத்தது. அவர்கள் காத்திருந்த நேரம் மட்டுமே என் சராசரியில் இருந்தது.

"அல்லாஹ்! ஆக்கள் இரிக்காங்க மாலா, ஆக்கள் இரிக்காங்க!" ராத்தா மேசையில் தட்டிக் கத்தினார். என்னைக் குறைசொல்லும் எண்ணமே அவருக்கு வரவில்லை.

ஒரே காலையில் ஆறு தரம் அழைத்திருந்த ஓர் இலக்கத்துக்கு அவரே எடுத்தார். கரைத்தீவிலிருந்து ஒரு முதியவர் பேசினார்.

"ஓம் மகள், பொஞ்சாதிட ரத்த ரிப்போட் கேக்கத்தான் எடுத்த. பாட்டுத்தான் போகுது, ஆள் வரல்ல. கடைசில பஸ் ஏறி வந்து வாங்கினன்."

ராத்தா மன்னிப்புக் கேட்டார். போனை வைத்ததும் என்னைப் பார்த்து, "இத நீதான் கூட்டத்தில சொல்லணும். நான் சொன்னா முறைப்பாடு, எழுதின நீ சொன்னா திருத்தம்" என்றார்.

தலைமையகத்தோடு காணொளிக் கூட்டத்தில் அமர்ந்தேன். என் கணினித் திரைக்குப் பின்னால் ராத்தா தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். "என்னுடைய அறிக்கை பிழை" என்று தொடங்கினேன். இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்துக் காட்டினேன். முகாமையாளர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு, காலையில் அந்த இருவரையும் தமிழ் இணைப்புக்கே திருப்பச் சொன்னார். அடுத்த மாதமே பதில் சொன்ன அழைப்புகள் ஏறின. மூடும் பேச்சு நின்றது. அன்றைக்கு ராத்தா ஹெட்செட்டைக் கழற்றாமலே என்னைக் கட்டிப்பிடித்ததில் இருவரும் வயரில் சிக்கிச் சிரித்தோம்.

பிழை செய்தால் மறைக்கத் தெரிந்தவளாகத்தான் நான் அந்த வேலைக்கு வந்தேன். இப்போது அதை முதலில் நானே சொல்லிவிடுகிறேன். சொன்னதும் மனம் துள்ளுகிறது. அந்தத் துள்ளல் அவர் எனக்குத் தந்தது.