மூன்றாவது வளைவும் என் ஓரகத்தியும்

என் கொழுந்தன் மனைவியைப் பற்றி எழுத என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. ஆறு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். கீழே நான், மாடியில் அவள். அதில் நான்கு வருடமாக அவளைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது.

கல்யாணத்துக்கு முன் அவள் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்லிக்கொண்டிருந்தாள். "'பயணிகள் கவனத்திற்கு'ன்னு ஆரம்பிச்சா ஒருத்தரும் திரும்ப மாட்டாங்கக்கா. 'பச்சைப் பை வெச்சிருக்கிற அம்மா, உங்க பஸ் அந்தப் பக்கம்'னா பத்து பேர் தன் பையைப் பார்ப்பாங்க" என்பாள். நானும் சிரித்துவைத்தேன். மலைப்பாதை அலுவலகத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று அவளிடம் சொன்னதே நான்தான். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

அலுவலகம் என்றால் அடிவாரத்தில் இரண்டு அறை. முன்னறையில் ஒரு கணப்பு. காலணிக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் இரும்பு முட்கள் சுவர் ஆணிகளில் தொங்கும், வாடகைக்கு. வெளியே கூரைக்கடியில் ஒரு கரும்பலகை. குளிர்காலத்தில் காலையில் ஒருத்தி மூன்றாவது வளைவு வரை ஏறி, தடியால் குத்திப் பார்த்துவிட்டு வந்து, பாதை எப்படி இருக்கிறது என்று பலகையில் எழுத வேண்டும். மத்தியானத்துக்கு மேல் இன்னொருத்தி ஏறிப் பார்த்துத் திருத்த வேண்டும். நான் இதைப் பதினோரு வருடமாகச் செய்கிறேன், தற்காலிக ஊழியராக. அவளும் தற்காலிகம்தான். இந்தக் குளிர்காலம் முடியும்போது எங்களில் ஒருத்திக்கு வேலை நிரந்தரமாகும் என்று அதிகாரி சொல்லியிருந்தார்.

நான் எழுதினால், 'பாதையில் உறைபனி. எச்சரிக்கையுடன் செல்லவும்.' தப்பில்லாத வாக்கியம். அவள் எழுதினால், 'இரண்டாவது பாலத்தில் கைப்பிடியை விடாதீங்க. நான் விட்டேன், இடது முட்டி வீங்கியிருக்கு.' ஜனங்கள் நின்று படிப்பார்கள், சிரிப்பார்கள், போட்டோ எடுப்பார்கள். "அந்தம்மா எழுதினதா இது?" என்று என்னிடமே கேட்பார்கள். நான் என்ன சுவரா?

அன்று காலை அவள், 'இன்னைக்கு வழி நல்லா இருக்கு, வெயிலும் இருக்கு, கிளம்புங்க' என்று எழுதிவிட்டு மத்தியானம் வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு மணிக்கு நான் ஏறினேன். மூன்றாவது வளைவில் வெயிலுக்கு உருகிய ஊற்றுத் தண்ணீர் பாதையின் குறுக்கே ஓடி, நிழல் விழுந்ததும் மறுபடி உறைந்திருந்தது. பார்த்தால் வெறும் ஈரம். தடியை வைத்தால் வழுக்கிக்கொண்டு போனது.

இறங்கி வந்து பலகை முன்னால் நின்றேன். 'வழி நல்லா இருக்கு.' அவள் கையெழுத்து. அப்படியே விட்டுவிட்டால் என்ன என்று தோன்றியது. நிஜமாகவே தோன்றியது. யாராவது விழுந்தால் அவள் பேர்தான் கெடும். ஒரு நிமிடம் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு அழித்துவிட்டு என் வாக்கியத்தை எழுதினேன்.

இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். பலகையைப் பார்த்தார்கள், நடந்தார்கள். "தம்பி, முள் மாட்டிக்கிட்டுப் போங்கப்பா!" என்று கத்தினேன். கையை ஆட்டிவிட்டுப் போனார்கள். அதற்குள் பிள்ளைகுட்டிகளோடு ஒரு குடும்பமே வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. என் வாக்கியத்தை அழித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு அவள் எழுதுகிற மாதிரியே எழுதினேன்:

'மூணாவது வளைவுல பார்த்தா ஈரம், மிதிச்சா கண்ணாடி. முள் மாட்டாதவங்க உட்கார்ந்தே இறங்கலாம். மானம் பெருசா, இடுப்பு பெருசா?'

குடும்பம் மொத்தமும் நின்று படித்துச் சிரித்தது. எட்டு ஜோடி முள் வாடகைக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் அந்த இளைஞர்கள் திரும்பி வந்தார்கள். ஒருவன் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நொண்டினான். பலகையைப் படித்துவிட்டு, "இதை முன்னாடியே எழுதியிருக்கக் கூடாதா?" என்று என்னிடம் எரிந்து விழுந்தான்.

அடுத்த வாரம் அதிகாரி வந்தார். அவர் போனில் அந்தப் பலகையின் படம் இருந்தது. யார் யாரோ அனுப்பியிருந்தார்களாம். "இப்படி எழுதுற ஆள்தான் நமக்கு வேணும்" என்று அவளைப் பார்த்துச் சிரித்தார். அவள் போனை வாங்கிப் பார்த்தாள்.

"சார், இது நான் எழுதலை. அன்னைக்கு மத்தியானம் அக்கா டியூட்டி. நான் 'வழி நல்லா இருக்கு'ன்னு எழுதிட்டுப் போயிட்டேன், அக்காதான் மாத்தியிருக்காங்க."

அதிகாரி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவளிடம், "பார்த்தீங்களா, பதினோரு வருஷ சர்வீஸ்காரங்களையே உங்களை மாதிரி எழுத வெச்சுட்டீங்க. தன் தப்பையும் தானே ஒத்துக்கிறீங்க. இதுக்கு மேல எனக்கு என்ன யோசனை?" என்றார்.

வேலை அவளுக்குத்தான்.

வீட்டுக்கு நடக்கும்போது, "அக்கா, என்மேல கோவமா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"நான் உண்மையைத்தானே சொன்னேன்?"

அதுதான் கோபம். அந்தப் படத்தைத் தன்னுடையது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால், ஆயுசு முழுக்க அவளைத் திட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அந்தச் சுகத்தைக்கூட விட்டுவைக்கவில்லை, பாவி.