எடுக்க ஆளில்லாத எண்

தேசிய சாலை ஓட்டப் போட்டி எங்கள் கள்ளக்குறிச்சியில் நடந்தபோது, பொதுப்பிரிவில் நானும் ஓடினேன். படிவத்தில் அவசரத்துக்கு அழைக்க ஓர் எண் கேட்டிருந்தார்கள். அப்பா கரும்பு வெட்டுபவர், எழுதப் படிக்கத் தெரியாது. யாராவது இங்கிலீஷில் பேசினால் திணறுவார், எனக்குத்தான் அவமானம் என்று நினைத்து, என் எண்ணையே எழுதிவிட்டேன்.

போட்டி தொடங்கியதும் தேசிய வீரர்களின் பின்னாலேயே வெறிகொண்டு ஓடினேன். எட்டாவது கிலோமீட்டரில், கல்வராயன் மலை கண்ணுக்குத் தெரியும் இடத்தில், இரண்டு கெண்டைக்காலும் இழுத்துக்கொள்ள, விழுந்தேன். எல்லோரும் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

முதலுதவிக்கு நின்ற அண்ணன் ஒருவர், என் நெஞ்சில் குத்தியிருந்த போட்டி எண் அட்டையைத் திருப்பி, பின்னால் அச்சிட்டிருந்த அவசர எண்ணுக்குப் போன் போட்டார்.

"மூணு வாட்டி அட்ச்சிட்டேன், யாரும் எடுக்கலயே தம்பி. யாரு நம்பரு இது?"

"என்னுதுதாங்க. போனு, ஓட ஆரம்பிச்ச எடத்துல பையில இருக்குது."

"இன்னாப்பா நீ! நீ வுழுந்தத உன்கிட்டயேவா சொல்றது?" என்று சிரித்தார். "வூட்ல யாரும் இல்லியா?"

"அப்பா இருக்காருங்க."

அவர் சிரிப்பு நின்றது. அப்பாவின் எண்ணை வாங்கிப் பேசினார். அரை மணி நேரத்தில் யாருடைய வண்டியிலோ தொற்றிக்கொண்டு, சட்டையெல்லாம் காய்ந்த கரும்பு இலைச் சோகையோடு அப்பா வந்தார். என் காலை மடியில் வைத்து நீவினார்.

"என் நம்பரு உனக்குத் தெரியாதாடா?"

"தெரியும்ப்பா."

அப்பா மற்றக் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த மூன்று அழைப்புகளை என் போனிலிருந்து இன்னும் அழிக்கவில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிவம் நிரப்பத் தெரிந்தவன் நான். அந்த ஒரு கட்டத்தைத்தான் தப்பாக நிரப்பினேன்.