நாகையா சேர்த்து வைத்த வார்த்தை

கம்போங் மேடானில் எங்கள் அடுக்குமாடியில் லிஃப்ட் கெட்டால் எல்லோரும் கத்துவார்கள். ஒன்பதாவது மாடி நாகையா அங்கிள் மட்டும் கடிதம் எழுதுவார். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு லோரி கம்பெனியில் முப்பத்தொரு வருடம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவர். கம்பெனிக் கடிதமெல்லாம் அவர் கையால்தான் போகுமாம்.

முக்கியம் என்று சொல்ல அவரிடம் நாலு ஆங்கிலச் சொற்கள் இருந்தன. சாதாரணத்துக்கு இம்போர்ட்டன்ட். அதற்கு மேலே எசென்ஷியல். அதற்கும் மேலே குருஷியல். உச்சியில் வைட்டல். அதை உயிர் போகிற விஷயத்துக்குத்தான் தொடவேண்டுமாம்.

"கண்டதுக்கெல்லாம் வைட்டல்னு எழுதினா, நிஜமா வேணுங்கிறப்ப எவன் நம்புவான் தங்கமணி?" என்பார். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட எழுதியதில்லை என்று பெருமை வேறு.

பக்கத்து வீட்டுக்காரி நான். கேட்டுச் சிரித்திருக்கிறேன். ஆனால் அவர் மனைவி சீதாலெட்சுமி ஆன்டிக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனபின் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு திங்கட்கிழமை லிஃப்ட் நின்றது. அங்கிள் கீழே நிர்வாக அலுவலகத்தில் கடிதம் கொடுத்தார், இம்போர்ட்டன்ட் என்று. ஒருத்தனும் எட்டிப் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஆன்டியை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, என் தம்பி ஜெயராஜும் நானும் தூக்கிக்கொண்டு இறங்கினோம். நூற்று நாற்பத்து நான்கு படி. திரும்பி வந்து ஏறவும் அதே நூற்று நாற்பத்து நான்கு. அன்று எசென்ஷியல் எழுதினார். வியாழக்கிழமையும் தூக்கினோம். குருஷியல் எழுதினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அங்கிள், அந்த வைட்டல என்ன பேங்க்லயா போட்டு வெச்சிருக்கீங்க? எழுதித் தொலைங்க லா!"

"அந்த நிலைமை இன்னும் வரலம்மா."

அந்தப் பேனாவைப் பிடுங்கி ஜன்னல் வழியே வீசியிருப்பேன். ஆன்டி முகத்துக்காக விட்டேன்.

சனிக்கிழமை அந்த நிலைமை வந்தது. திரும்பி ஏறும்போது ஆறாவது மாடியில் ஜெயராஜுக்குக் கால் வழுக்கியது. நாற்காலி சாய்ந்து, ஊசி போட்ட கை கம்பியில் இடித்து, கட்டு முழுக்க ரத்தம். என் துப்பட்டாவால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி கிளினிக்குக்கு ஓடினோம். ரத்தம் நிற்க ஒரு மணி நேரமானது.

சாயங்காலம் அலுவலகம் பூட்டியிருந்தது. அங்கிள் என் போனை வாங்கி, புகார் கொடுக்கும் ஆப்பில் அடித்தார். லிஃப்ட் இஸ் வைட்டல் ஃபார் மை வைஃப். அனுப்பி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பதில் வந்தது. டியர் ரெசிடென்ட், யுவர் கம்ப்ளெயின்ட் இஸ் வைட்டல் டு அஸ்.

"பாரு, உடனே புரிஞ்சுக்கிட்டாங்க" என்றார்.

"அது மெஷின் அங்கிள். போன மாசம் குப்பைத்தொட்டி உடைஞ்சதுக்கும் எனக்கு இதேதான் வந்துச்சு."

அவர் போனை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் முடிந்து வந்தோம். படிக்கட்டுப் பக்கம் போகவிடாமல், அங்கிள் நாற்காலியை நேரே அலுவலகத்துக்குள் கொண்டுபோகச் சொன்னார். நல்ல ஏர்கான் குளிர். இளைஞரான மேனேஜர், இஸ்திரி கலையாத சட்டை.

"அங்கிள், உங்க கம்ப்ளெயின்ட் எங்களுக்கு ரொம்ப வைட்டல் லா. பார்ட்ஸ் வரணும். கொஞ்சம் வெயிட் பண்ணுங்க."

நாகையா அங்கிள் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அன்று கேட்டேன்.

"வைட்டலா? அப்ப வந்து முன்னால பிடி. தூக்கு!"

"அங்கிள், நான் எப்படி..."

"எனக்கு எழுபது வயசு. உனக்கு முப்பது. தூக்குடா!"

மேனேஜர் வாசலைப் பார்த்தார். ஜெயராஜ் அங்கே கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் பின்னால் எங்கள் பிளாக் பெண்கள் ஏழெட்டுப் பேர். ஒருத்தியும் வழிவிடவில்லை.

மேனேஜர் முன்னால், ஜெயராஜ் பின்னால். ஆன்டிதான் பாவம், "மெல்ல தம்பி, மெல்ல" என்று அவருக்கும் சேர்த்துப் பயந்தார். நாலாவது மாடியில் மேனேஜர் நாற்காலியை இறக்கினார். சட்டை தொப்பலாகிவிட்டது. மூச்சு வாங்க, போனை எடுத்து லிஃப்ட் கம்பெனியைக் கூப்பிட்டார்.

"பாஸ், பார்ட்ஸ் கதையெல்லாம் சொல்லாத! இன்னிக்கே வா. இப்பவே வா லா!"

பேசி முடித்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு அங்கிளைப் பார்த்தார். "ஒரு மணி நேரத்துல வராங்க அங்கிள்."

"நல்லது" என்றார் நாகையா. "இன்னும் அஞ்சு மாடி இருக்கு. தூக்கு."