புதுநன்மை விருந்தன்று

வாசலில் ஆட்டோ நின்ற சத்தம் கேட்டு, பிரியாணி அண்டா வந்துவிட்டதென்று வெளியே ஓடினேன். என் மகள் முதல்முறையாக நற்கருணை வாங்கிய நாள் அது. பூசை முடிந்து எல்லோரும் ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டுக்குத் திரும்பியிருந்தோம். மாமியார் மட்டும், "நீங்க போங்க, பின்னாலயே வந்துடறேன்" என்று கோயிலில் தங்கிவிட்டார். ஆட்டோவிலிருந்து இறங்கியது அவர்தான். அவர் தோளைப் பற்றிக்கொண்டு இறங்கியது, கோயில் வாசலில் படுத்துக் கிடக்கும் ஒரு பெரியவர். வலது காலில் சுற்றியிருந்த துணி ஊறிப் பழுப்பாகியிருந்தது. நாற்றம் அவர்களுக்கு முன்னால் வீட்டுக்குள் வந்தது.

மாமியார் ஓய்வுபெற்ற நர்ஸ். ஜெபமாலை சொல்லும்போது தூங்கிவிடுவார். புண்ணைக் கண்டால் விழித்துக்கொள்வார். எங்கள் வீட்டு நல்ல துண்டுகளெல்லாம் யார் யார் காலிலோ கட்டுகளாக ஊரைச் சுற்றி வந்தன. நானும் கிறிஸ்தவள்தான். நோயாளியைப் பார்க்க வேண்டாமென்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் சொந்தப் பேத்தியின் விசேஷத்தன்றுகூடவா?

"அத்தை, இன்னைக்கா?" என்றேன்.

"புழு வெச்சிருக்கும்மா. நாளைக்குன்னா கால் போயிடும்." விருந்தாளிகளுக்காக நான் தேய்த்துக் கழுவியிருந்த குளியலறைக்குள் அவரை அழைத்துப் போய்விட்டார்.

"இன்னாமா இது, விசேஷ வூட்டுல என்னக் கொண்ணாந்து வுட்டுகினு. நான் போறேன்மா" என்று உள்ளேயிருந்து பெரியவர் கெஞ்சுவது கேட்டது. அன்று அந்த வீட்டில் என் பக்கம் பேசியவர் அவர் ஒருவர்தான். என் கணவர் நாற்காலி எண்ணப் போவதுபோல் மாடிக்கு நழுவிவிட்டார்.

கழுவிக் கட்டுப் போட்ட கையோடு மாமியார் அவரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனார். மதியமாகியும் திரும்பவில்லை. போனை வீட்டிலேயே விட்டுப் போயிருந்தார். பாட்டி வராமல் கேக் வெட்டமாட்டேன் என்று மகள் வெள்ளை உடுப்போடு கட்டிலில் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் அழைத்து வர நானே கிளம்பினேன், பட்டுப்புடவையோடு.

வார்டில் என்னைக் கண்டதும் மாமியாரின் முகம் மலர்ந்தது. "வந்துட்டியா, நல்லதாப் போச்சு. கூட ஒரு ஆள் இருந்தே ஆகணும்கிறாங்க. நீ இரு, நான் போய்ப் பிள்ளையைப் பார்த்துட்டு வந்துடறேன்." நான் வாய் திறப்பதற்குள், எனக்காகக் காத்திருந்த ஆட்டோவிலேயே ஏறிப் போய்விட்டார்.

உடனே டாக்டர் வந்தார். "கூட யாரு? காலைத் தூக்கிப் பிடிங்கம்மா" என்றார் நர்ஸ். இரண்டு கையாலும் பிடித்தேன். டாக்டர் இடுக்கியால் புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்தார். மனத்தில் அருளும் இறங்கவில்லை, இரக்கமும் இறங்கவில்லை. கோபத்தில் அழுகைதான் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்த பெரியவர், "தள்ளி நில்லும்மா, பொடவ கெட்டுடப் போவுது" என்றார். சற்றுப் பொறுத்து, "அந்தம்மா என்னையும் கேக்கல, உன்னையும் கேக்கல, இல்ல?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்தான்.

கால்விரல்கள் சில போயின, கால் தப்பியது. பெரியவர் இப்போது தி. நகரில் ஒரு துணிக்கடை வாசலில் வண்டிகளை ஒழுங்குபடுத்துகிறார். என்னைப் பார்த்தால், "மாமியாரு எப்டி கீறாங்க?" என்பார். நான் எப்படி இருக்கிறேன் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

மாமியாரால் இப்போது அதிகம் நடக்க முடியவில்லை. ஹாலில் அன்றைய புகைப்படம் மாட்டியிருக்கிறது. மகள் பாட்டிக்குக் கேக் ஊட்டுகிறாள். கணவர், சொந்தக்காரர்கள், பங்குச் சாமியார் எல்லோரும் இருக்கிறார்கள். நான் இல்லை. போன வாரம் அதைத் துடைக்கும்போது பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன்: "ஏன் அத்தை, பெத்தவ வர்ற வரைக்கும் காத்திருந்திருக்கக் கூடாதா?"

அவர் படத்தை ஏறிட்டுப் பார்த்தார். "ரெண்டு பேர்ல ஒருத்தர்தானேம்மா இங்க இருக்க முடிஞ்சது. ஆஸ்பத்திரியில இருந்த நல்ல இடம் உனக்குக் கிடைச்சிடுச்சு" என்றார்.

என்னைச் சமாதானப்படுத்த அப்படிச் சொல்லவில்லை. உண்மையான பொறாமையோடு சொன்னார். இந்த மனுஷியோடு எப்படித்தான் சண்டை போடுவது?