செத்தால் எந்த மேடு?

இது அறுபதுகளின் நடுவில் ரங்கூனில் நடந்தது. வருஷத்தைச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டு, நம் ஆட்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பல் ஏறிக்கொண்டிருந்த சமயம் என்று சொன்னால் அங்கே இருந்தவர்களுக்குப் புரியும். கியாக்டடா பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். முப்பது தாண்டியாயிற்று, கல்யாணம் ஆகவில்லை. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். லான்மடாவில் ஒரு மாடி வீட்டில் அண்ணன் குடும்பத்தோடு இருந்தேன். அண்ணன் மெட்ராசுக்குக் கிளம்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். "நீ என்னதான் முடிவு பண்ணியிருக்கே?" என்று தினமும் சாப்பிடும்போது கேட்பார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போயிருந்தது. மெட்ராசை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து, ஆற்றுக்கு அக்கரையில் டலாவையும் தாண்டியிருந்த கிராமங்களில் ஜனக்கணக்கு எடுக்க எங்களை அனுப்பினார்கள். எந்த வீட்டில் யார் யார், எங்கே பிறந்தவர்கள், என்ன இனம் என்று கேட்டு எழுத வேண்டும். இனத்துக்குப் பர்மியில் 'லூம்யோ' என்று பெயர். பர்மியரா, கரேனா, மோனா, சீனரா, இல்லை 'கலா'வா. நம்மை அங்கே கலா என்பார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. நானே இருப்பதா போவதா என்று தெரியாமல் கிடக்கிறேன், ஊரார் எந்த இனம் என்று நான் போய் விசாரிக்க வேண்டுமாம். முடியாது என்றால் வேலை போய்விடும் என்று பயந்து கிளம்பினேன்.

என்னோடு வந்தவர் ஒரு பர்மிய ஆசிரியர். சட்டம் என்றால் சட்டம் என்கிற ஆள். படகில் போகும்போதே, பென்சிலால் எழுதக் கூடாது, பேனாவால்தான் எழுத வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்தார். அப்புறம் மாட்டு வண்டி, அதுவும் பாதி வழியில் நின்றுவிட, வயல் வரப்பில் நடை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். வெயில் மண்டையைப் பிளந்தது. அவர் என்னவோ விதிமுறைகளைச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் 'உம்' கொட்டிக்கொண்டே போனேன்.

ஊரில் போய் உட்கார்ந்தால், எங்கள் கணக்கு முதல் வீட்டிலேயே சிக்கிக்கொண்டது. பர்மாவில் பெயரோடு அப்பா பெயர் சேர்ந்து வராது. ஒரே வீட்டில் நாலு பிள்ளைகளுக்கும் ஒன்றுக்கொன்று ஒட்டாத நாலு பெயர் இருக்கும். பெயரை வைத்து இனம் கண்டுபிடிக்கவே முடியாது. முகத்தைப் பார்த்துச் சொல்லலாம் என்றால், அந்த ஊரில் அப்பா மோன், அம்மா கரேன், மருமகன் சீனன், எல்லாரும் ஒரே மாதிரி லுங்கி கட்டிக்கொண்டு, முகத்தில் சந்தனம் போலத் தனாக்கா பூசிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்கள் என்ன இனம் என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். என் கூட்டாளிக்கு வியர்த்து ஊற்றியது.

ஊர்த் தலைவருக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். எங்கள் அவஸ்தையைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, "அப்படிக் கேட்டா இவங்களுக்குச் சொல்லத் தெரியாது சாயாமா, நான் கேக்குறேன்" என்றார். டீச்சரம்மாவை அங்கே சாயாமா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவர் கேட்டது ஒரே கேள்வி. "செத்தா எந்த மேடு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் கேட்கப்பட்டவர்கள் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, சட்டென்று பதில் சொன்னார்கள். அந்த ஊரில் மூன்று இடுகாடுகள். மடத்துக்குப் பின்னால் பர்மியர்களுக்கும் மோன்களுக்கும், கிறிஸ்தவக் கோயில் பக்கத்து மேட்டில் கரேன்களுக்கு, ஓடைக்கரையில் தமிழர்களுக்கு. ஒரு சாவு விழுந்தால் அந்தந்த மேட்டுக்காரர்கள் வந்து குழி வெட்டி, தூக்கி, வந்தவர்களுக்குச் சோறும் ஆக்கிப் போட வேண்டும். யாருக்குச் சொல்லி அனுப்புவது என்று தலைவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமே, அதனால் ஊரில் ஒவ்வொருவருக்கும் எந்த மேடு என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்கும். ஒரு புருஷன் பெண்டாட்டி மட்டும் ஆளுக்கொரு மேடு சொல்லிவிட்டு எங்கள் முன்னாலேயே சண்டை போட்டார்கள்.

"இது இனமில்லை, மதம்" என்று என் கூட்டாளி முனகினார். ஆனாலும் வேறு வழி இல்லாததால் அதை வைத்தே எழுதிக்கொண்டு போனார்.

மதியம் தாண்டி ஒரு கரேன் வீட்டுக்குப் போனோம். புருஷன், பெண்டாட்டி, இரண்டு பெண்கள். அவர்களை எழுதி முடித்துவிட்டு எழுந்தபோது, மாட்டுக் கொட்டகைப் பக்கமிருந்து ஒரு ஆள் வந்தார். கறுத்த உடம்பு, நரைத்த தலை, தோளில் துண்டு. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, நம் ஆள். அறுபதை ஒட்டியிருக்கும். சின்ன வயதில் ராமநாதபுரம் பக்கமிருந்து அப்பாவோடு வந்தவராம். அந்த வீட்டுக்கு மாடு ஓட்டி, உழுது, அங்கேயே தங்கிவிட்டார். கல்யாணம் காட்சி ஒன்றும் இல்லை. ஊரிலிருந்த மற்றத் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் கப்பல் ஏறிப் போய்விட்டன. இவர் ஒருவர்தான் மிச்சம். கையில் துண்டுக் காகிதம் கிடையாது.

என் கூட்டாளி பேனாவை மூடினார். "வெளிநாட்டு ஆள், பதிவு இல்லை. இவரை நகரத்து ஆபீசுக்கு அனுப்பச் சொல்லித்தான் எழுதணும்" என்றார். அனுப்பினால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். கப்பல்தான். இந்தியாவில் அவருக்கு யார் இருக்கிறார்கள்? ஒரு ஈ காக்கை இல்லை. அவர் என்னைப் பார்த்துத் தமிழில், "தாயி, நான் எங்கிட்டும் போவலைன்னு சொல்லு. எனக்கு அங்கன ஒருத்தரையும் தெரியாது" என்றார். என் அண்ணனிடம் சொல்ல முடியாமல் நான் வைத்திருந்த அதே வார்த்தை.

தலைவர் எதுவும் நடக்காதது போலத் தன் கேள்வியைக் கேட்டார். "செத்தா எந்த மேடு?"

அவர் துண்டை எடுத்துக் கையில் சுற்றினார். "முன்னே ஓடைக்கரை. இப்பத் தூக்க ஆளில்லையே" என்று பர்மியில் சொன்னார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பாவமாக இருந்தது.

"எங்க மேடுதான்" என்றாள் அந்த வீட்டுக்காரி. அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை. "போன மழையிலேயே போதகர்கிட்டச் சொல்லியாச்சு. எங்க மாமனாருக்குப் பக்கத்துல எடம்."

அது அவருக்கே தெரியாது போலிருக்கிறது. "நான் வேற சாமி கும்பிடுறவனாச்சே" என்று இழுத்தார். "யாரு கேக்கப் போறா?" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி புடைக்க ஆரம்பித்தாள். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நானும் அழுதேன், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் மேடு கிடைத்ததால் மட்டும் கப்பல் நின்றுவிடாதே. என் கூட்டாளி இன்னும் பேனாவை மூடியபடிதான் வைத்திருந்தார். அப்போது தலைவர் நிதானமாக, "இவர் இந்த ஊர்லதான் பொறந்தார். நான் பார்த்தேன்" என்றார்.

நான் தலைவரைப் பார்த்தேன். நாற்பது தாண்டாத முகம். அந்த ஆளைப் பார்த்தேன். நரைத்த தலை. என் கூட்டாளியும் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த மனுஷன் இப்போது விதிமுறை பேசப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பேனாவைத் திறந்து, "இனம், கலா" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "பிறந்தது இந்த ஊர். சாட்சி, தலைவர்." அப்புறம் மை காயும்வரை ஊதினார். எழுந்து கால் கழுவப் போய்விட்டார்.

அவர் கால் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில்தான் தலைவர் என் பக்கம் திரும்பி, விளையாட்டாக, "சாயாமாவுக்கு எந்த மேடு?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. அப்பா அம்மா ரங்கூனில் புதைந்து கிடக்கிறார்கள். அண்ணன் போகப் போகிறார். நான் செத்தால் தூக்குவதற்கு யார் வருவார்கள் என்று அன்றுவரை நான் யோசித்ததே இல்லை. "தெரியலையே" என்றேன்.

அந்த ஆள், அரை நாழிகைக்கு முன்னால் தனக்கே போக்கிடம் இல்லாமல் நின்றவர், முகத்தைத் துடைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"தெரியலைன்னா இங்கன வா தாயி. எடம் கெடக்கு. நான் இருந்தா நான் தூக்குறேன், இல்லாட்டி இவுக தூக்குவாக."

கரேன் வீட்டுக்காரிக்குத் தமிழ் புரியாது. என்ன சொன்னார் என்று தலைவரிடம் கேட்டாள். அவருக்கும் புரியவில்லை. நான்தான் பர்மியில் சொன்னேன். "ஆமா, வரட்டுமே" என்றாள்.

அண்ணன் அந்த மழைக்கு முன்னால் கப்பல் ஏறினார். நான் ஏறவில்லை. ஏன் என்று அவருக்கு விளக்கிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, அவருக்கும் கேட்க ஆயாசமாகத்தான் இருந்திருக்கும். அதற்குப் பிறகு எத்தனையோ அலுவலகங்களில், எத்தனையோ வரிசைகளில் நின்று, நீ யார், எந்த ஊர், எந்த இனம் என்ற கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்திருக்கிறேன். ஆனால் நான் யார் என்று தெரிந்துகொள்ளாமலேயே, செத்தால் தூக்குகிறேன் என்று சொன்னவர் என் வாழ்க்கையில் அவர் ஒருவர்தான், அந்த ஒருவர் சொன்னதை நம்பித்தான் நான் பர்மாவிலேயே இருந்துவிட்டேன்.